என் பெயரில் போய் நின்ற உன் மாமா

குமரா,

சேகர் மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ கோலாலம்பூருக்குத் திரும்பி இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. தினமும் அம்மாவுக்குப் போன் செய்கிறாய். அப்பா பசியாறிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று கேட்கிறாய். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா போனை என் பக்கம் நீட்டினால், "சரிம்மா, வேலை இருக்கு, வச்சிடறேன்" என்கிறாய். உன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. போன் என் கைக்கு வந்திருந்தாலும் நான் அங்கே மழையா என்றுதான் கேட்டிருப்பேன். எனக்கும் உனக்கும் இடையில் எத்தனையோ வருஷமாக மழையைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த மாதம் நீ பெர்த்துக்குக் கிளம்புகிறாய். அங்கே பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். எனக்கு வயது அறுபத்தாறு. சர்க்கரை ஏறி இறங்குகிறது. வலது கண்ணில் பாதிதான் தெரிகிறது. இரண்டு வருஷம் என்பது உனக்கும் எனக்கும் ஒரே நீளம் இல்லை. அதனால் வாயால் சொல்ல முடியாததை எழுதுகிறேன். அம்மா படித்துவிட்டாள். வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. மறைத்து வைத்தது போதும்.

என் உயரம் நாலடி பதினொன்று. இதைக் காகிதத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. சுங்கை லாலாங் தோட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. கட்டையன் என்றால்தான் தெரியும். கோபமாகச் சொன்னதில்லை, பாசமாகத்தான் சொன்னார்கள். அதனாலேயே கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு தடவை டிராக்டர் ஓட்ட ஆள் வேண்டும் என்று கேட்டபோது நானும் போய் நின்றேன். மானேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெடலுக்குக் கால் எட்டுமா என்று கேட்டார். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை இன்னொருத்தனுக்குப் போனது. நான் தோட்டத்தை விடும்வரைக்கும் செம்பனைக் குலை வெட்டினேன். மற்றவர்கள் பிடிக்கிற கம்பைவிட எனக்கு ஒரு முழம் நீளமான கம்பு வேண்டும். முழம் கூடினால் பாரமும் கூடும். சாயங்காலம் தோள் இரண்டும் கல்லாகியிருக்கும். அதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். நான் முதலில் பார்த்தது உன் முகத்தை இல்லை, காலை. நீளமா இல்லையா என்று. அம்மாவுக்கு அது தெரியும். இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை.

நீ வளரவில்லை. பத்து வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு பிடி உயர்ந்தார்கள், நீ அப்படியே இருந்தாய். அப்போதுதான் தமிழ்ப்பள்ளியில் உடற்பயிற்சி வாத்தியார் எங்கிருந்தோ பழைய ஹாக்கி மட்டைகளை வாங்கி வந்தார். நீளமான மட்டையைப் பாதியில் அறுத்து டேப் சுற்றி உன் கையில் கொடுத்தார். உன்னைப் பிடிக்க முடியவில்லை. பெரிய பையன்களின் முழங்கைக்குக் கீழே புகுந்து பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாய். அவர்கள் குனிந்து தேடுவதற்குள் நீ கோல் கம்பத்துப் பக்கம் நிற்பாய். நான் அதைப் பார்த்து சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. கோயில் திடலில் துருப்பிடித்த பந்துக் கம்பம் இருந்ததே, அதன் குறுக்குக் கம்பியில் உன்னைத் தூக்கித் தொங்கவிட்டு நூறு எண்ணச் சொன்னேன். தினமும் சாயங்காலம். தொங்கினால் எலும்பு நீளும் என்று யாரோ சொன்னான். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியில் சாப்பிட்டாய். வலிக்குதா என்று கேட்டேன். இல்லப்பா என்றாய். நான் எண்ணச் சொன்னது நூறு, நீ நூற்றிருபது எண்ணினாய். என் குறையை உன் கையில் ஏற்றி வைத்தேன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

உனக்குப் பதினைந்து வயதில் மாநில இளையோர் பயிற்சிக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். சுங்கைப்பட்டாணி இடைநிலைப்பள்ளித் திடலில் இரண்டு நாள் தேர்வு. பயிற்சியாளர் பெண்டாங்கிலிருந்து வந்த மலாய்க்காரர், பள்ளி வாத்தியார். மலாயில் வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி சிக்கு என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிட்டோம். முதல் நாள் முடிந்து வந்தாய். சாப்பிடவில்லை. சமையலறையில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதெல்லாம் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"நல்லாத்தான் ஆடுற, ஆனா ரொம்பச் சின்னதா இருக்கியேன்னாரு. உன் அப்பா எவ்வளவு உயரம்னு கேட்டாரும்மா."

"நீ என்னடா சொன்ன?"

"ஆறடின்னு சொல்லிட்டேன்."

"ஏன்டா பொய் சொன்ன?"

"எனக்கு முன்னால நின்ன பையன் அவங்கப்பா கட்டைன்னு சொன்னான். அவனை அப்பவே வீட்டுக்கு அனுப்பிட்டாரு. நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்றாரும்மா, பாரத்துல கையெழுத்துப் போட. இப்ப நான் என்ன செய்யறது?"

அம்மா என்னைப் பார்க்க வந்தாள். "நீங்களே போங்க. போய் நில்லுங்க. எடுத்தா எடுக்கட்டும், எடுக்காட்டி போகட்டும். பையன் ஒரு தடவை சொன்ன பொய்யி, நாளைக்கே தீர்ந்துடும்" என்றாள். அவள் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரிய இத்தனை வருஷம் ஆனது. குமரா, இதை நன்றாகக் கேள். நீ சொன்னது ஒரு வார்த்தை. பயந்துபோன ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்த வார்த்தை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் செய்தது. அன்று சாயங்காலமே மோட்டாரை எடுத்துக்கொண்டு ஜித்ராவுக்குப் போனேன், அம்மாவின் தம்பியைப் பார்க்க. சேகர் ஆறடி ஓரங்குலம். அவன் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டான்.

"மச்சான், வெளையாடுறீங்களா? அவனுக்கு அப்பா நீங்க இருக்கீங்க லா."

"ஒரு கையெழுத்துதான் சேகர். ஒரே ஒரு நாள்."

"நீங்க வந்து நின்னா என்ன ஆயிடும்?"

"என்னைப் பார்த்தா அவனை எடுக்க மாட்டாங்க."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்காகத் தலையைக் குனிந்து பேசுவது அவன் வழக்கம், அன்று குனியவில்லை. "சரி. ஒரு நாள்தான்" என்றான். மறுநாள் அவன் என் பெயரோடும் என் அடையாள அட்டையின் ஐசி நம்பரோடும் திடலுக்குள் போனான். நான் சாலைக்கு எதிர்ப்புறம் தண்ணீர்க் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். சிக்கு அவனை அண்ணாந்து பார்த்ததும், தோளில் தட்டியதும், உன்னைக் காட்டிச் சிரித்ததும் தெரிந்தது. நீ இருவருக்கும் நடுவில் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாய். சேகர் உன் தலையில் கை வைத்தான். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குத் துளி வெட்கம்கூட இல்லை. அதெல்லாம் பிறகுதான் வந்தது.

ஒரு நாள் என்பது பல வருஷமானது. பரிசளிப்பு, பெற்றோர் கூட்டம், கோப்பை ஆட்டம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் சேகர் லோரி வேலையை விட்டுவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான். "மச்சான், போதும்ல" என்று இரண்டு மூன்று தடவை கேட்டான். நான்தான் இன்னும் கொஞ்ச நாள் என்றேன். அப்பா இவ்வளவு உயரம், பிள்ளை கொஞ்சம் தாமதமாக வளர்வான் என்று சிக்கு உனக்காக இரண்டு வருஷம் காத்திருந்தார். நீ ஒரு அங்குலமும் வளரவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் உன் கால்கள் என்ன செய்யும் என்பதை அவர் பார்த்துவிட்டார். பதினெட்டு வயதில் உன் உயரம் ஐந்தடி ஒன்று. இருபதில் கோலாலம்பூர் கிளப் ஒன்று உன்னைச் சம்பளத்துக்கு எடுத்தது. முன்வரிசை ஆட்டக்காரன். உனக்கு எதிரே நின்றவர்கள் எல்லாரும் உன்னைவிட ஒரு தலை, ஒன்றரைத் தலை உயரம். ரசிகர்கள் உனக்குக் கஞ்சில் என்று பெயர் வைத்தார்கள், காட்டில் ஓடும் சருகுமானின் பெயர். மரத்துக்கு நடுவே ஓடுகிற மாதிரி ஓடுவாய். உன் முன்பல் இரண்டு போனது ஈப்போவில். மூக்கு உடைந்தது குவாந்தானில். உயரமானவர்களின் முழங்கை இருக்கிற இடத்தில்தான் உன் முகம் இருந்தது. ஒரு தடவைகூட நீ அதைப் பெரிதாகச் சொன்னதில்லை.

வடக்கே நடந்த ஆட்டம் எல்லாவற்றுக்கும் நான் வந்தேன். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பஸ் ஏறி வந்தேன். தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலைக்குச் சேர்ந்தபோது, லீவு தருவீர்களா என்று கேட்டுத்தான் சேர்ந்தேன். எப்போதும் எதிரணி ஆட்கள் பக்கம் உட்காருவேன், அங்கேதான் என்னை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நீ கோல் அடித்தபோது அவர்களோடு சேர்ந்து நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். உனக்கு இருபத்திரண்டு வயதில் ஈப்போவில் இறுதி ஆட்டம். இரண்டு கோலும் நீ அடித்தாய். என்னால் அடக்க முடியவில்லை. அம்மா செய்து கொடுத்த ஆட்டுக்கறி வறுவலையும் சோற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பஸ் நின்ற இடத்துக்கே வந்துவிட்டேன். சிக்கு தன் பழைய மாணவனைப் பார்க்க அங்கே வந்திருந்தார். "யார் இவர், உன் எல்லா ஆட்டத்திலும் பார்க்கிறேனே" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய், பிறகு பொட்டலத்தைப் பார்த்தாய். "பக்கத்து வீட்டுக்காரர் சிக்கு" என்றாய். அவர் என் கையைக் குலுக்கி, நல்ல பக்கத்து வீட்டுக்காரர் என்றார். நானும் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வாய் நீ? உன்னை அந்த இடத்தில் நிறுத்தியவன் நான். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதும் இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வந்தேன். ஆனாலும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

இப்போது சொல்லப்போவதை எழுதத்தான் இந்தக் கடிதம். நாட்டு அணிப் பயிற்சிக்கு உன்னை இரண்டு தடவை கூப்பிட்டார்கள், இரண்டு தடவையும் கடைசிப் பட்டியலில் விட்டுவிட்டார்கள். ஆட்டம் போதாது என்று யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு எதிரே தாங்க மாட்டான் என்றார்கள். இரண்டாவது தடவை நீ நேராக வீட்டுக்கு வந்தாய். தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. பையை வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தாய், அம்மா சோறு போட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். எனக்குள்ளே கோபம். அவர்கள்மேல் கோபம், என் உடம்பின்மேல் கோபம். அது உன்மேல் வந்து விழுந்தது. "பெத்த அப்பனைப் பக்கத்து வீட்டுக்காரன்னு சொன்ன வாய். எங்கேருந்துடா வெளங்கும்" என்றேன்.

கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தாய். எழுந்து கை கழுவினாய், தட்டையும் கழுவி வைத்தாய். பையை எடுத்துக்கொண்டு, "வரேம்மா" என்று போய்விட்டாய். அந்தத் தீபாவளிக்கும் வரவில்லை, அடுத்த தீபாவளிக்கும் வரவில்லை. அம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. சேகர் வந்து என் எதிரே உட்கார்ந்து, "நான் செஞ்சேன் மச்சான், நீங்க செய்யச் சொன்னீங்க. அவன் என்ன செஞ்சான்?" என்று கேட்டான். உனக்குப் போன் செய்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் ஐயா என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். பத்து நம்பரை அழுத்துவது எவ்வளவு நேரம்? அதை ஏழு வருஷமாக நான் செய்யவில்லை. நீ மறுபடியும் வரப் போக ஆரம்பித்தபோது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். சரியாகவில்லை. நீ என்னோடு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

இருபத்தெட்டு வயதில் உன் கழுத்தெலும்பு உடைந்தது. எதிரணிக்காரன் ஒருவனின் மட்டை உன் தோள்மேல் விழுந்ததை நான் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது படுக்கைக்குப் பக்கத்தில் உங்கள் கிளப் ஆட்கள் நின்றார்கள். உள்ளே வராமல் திரும்பிவிட்டேன். இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை, இந்தக் கடிதத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. எலும்பு கூடினாலும் வேகம் கூடவில்லை. பெரிய உடம்புக்காரனுக்கு வேகம் குறைந்தால் பலத்தை வைத்து நான்கு வருஷம் ஓட்டலாம். உனக்கு வேகம் ஒன்றுதான் இருந்தது. கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் இறக்கினார்கள், பிறகு அதுவும் இல்லை. "இனிமே லீக் இல்லம்மா, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கல" என்று நீ போனில் சொன்ன அன்று அம்மா அழுதுகொண்டே போனை என்னிடம் கொடுத்தாள். பதினொரு வருஷம், ஐந்தடி ஒன்றை வைத்துக்கொண்டு பதினொரு வருஷம் அங்கே நின்றாயே என்று சொல்ல நினைத்தேன். அங்கே மழையா என்று கேட்டேன். இல்லப்பா, வெயில் என்றாய்.

பிறகு சேகர் போனான். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, ஆறடி மனிதன் கட்டிலில் பிள்ளை மாதிரி சுருங்கிக் கிடந்தான். கல்யாணம் செய்துகொள்ளாதவன், கொள்ளிவைக்க நீதான். காரியம் செய்ய வந்த பண்டாரம் தயங்கினார். தகப்பன் உயிரோடு இருக்கும்போது பிள்ளை மொட்டை போடலாமா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். போடட்டும் என்றேன். எனக்காக அவன் எத்தனை தடவை போய் நின்றான், அவனுக்கு ஒரு மகன் கடைசியில் இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ மொட்டைத் தலையோடு ஈர வேட்டியில் நின்றுகொண்டிருந்தாய். அப்போது சிக்கு வந்தார். ஓய்வுபெற்று, கையில் ஊன்றுகோலோடு. உன் பழைய கூட்டாளி யாரோ சொல்லியிருக்கிறான், குமரன் வீட்டில் துக்கம் என்று. பந்தலில் தமிழில் எழுதியிருந்த பெயரை அவரால் படிக்க முடியாது. மாலை போட்ட படத்தைப் பார்த்தார். உன் மொட்டையைப் பார்த்தார். உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உன் அப்பா நல்ல மனிதர். ஒரு ஆட்டத்துக்கு வந்தாலும் கடைசிவரை இருப்பார்" என்று மலாயில் சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

நீ வாயைத் திறந்தாய். நான் பார்த்தேன் குமரா. சிக்கு, இவர் என் மாமா என்று சொல்ல வந்தாய். சொல்லிவிட்டு என் பக்கம் கையைக் காட்டப்போகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. நான் தலையசைத்தேன், வேண்டாம் என்று. ஏன் அப்படிச் செய்தேன் என்று ஐந்து வாரமாக யோசிக்கிறேன். துக்க வீட்டில் அந்தப் பெரியவருக்கு வெட்கமாகிவிடும் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. பதினாறு வருஷம் கழித்து, அத்தனை பேர் நடுவில், அவர் என்னை மேலும் கீழும் பார்ப்பாரே என்ற பயம்தான் மீதி. நீ வாயை மூடிக்கொண்டாய். அவர் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தானே" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்ல மனுஷன் போயிட்டார்" என்றும் சொன்னேன். நீ கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாய். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது நான் ஏறிய காடியில் நீ ஏறவில்லை, வேறு காரில் போனாய்.

போன திங்கட்கிழமை நான் பெண்டாங்குக்குப் போனேன். அம்மா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். பஸ் மாறிப் போய் விசாரித்துக் கண்டுபிடித்தேன். வயலுக்கு நடுவில் பலகை வீடு. சிக்கு வாசலில் சரோங் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் தெரிந்துகொண்டார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன், எனக்குத் தெரிந்த மலாயில், ஆரம்பத்திலிருந்து. செத்துப்போனது என் மைத்துனன். குமரனின் அப்பா நான். அவன் ஐசியில் அப்பா பெயராக இருப்பது என் பெயர். பொய் அவனுடையது இல்லை, என்னுடையது. அவர் என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார், நான் பயந்த மாதிரியேதான். நான் நின்றேன்.

"நீங்க அன்னைக்கு வந்திருந்தா, நான் அவனை எடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

தெரியும் சிக்கு என்றேன்.

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சிக்கு தொடவில்லை. வயலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவனுக்கு முன்னாலயும் பின்னாலயும் எத்தனை சின்னப் பையன்களை அனுப்பிட்டேன் தெரியுமா அண்ணே. அப்பாவைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து. அவங்க பேர்கூட எனக்கு ஞாபகம் இல்ல. குமரன் ஆடினதைப் பார்த்த பிறகும் அனுப்பினேன். இவன் உயரமான வீட்டுப் பையன், ரத்தத்துல இருக்குன்னு நினைச்சேன்" என்றார். நான் ஆறுதல் சொல்லப் போனவன் இல்லை, ஆனாலும் அந்த மனிதரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பொய் உன் ஒருவனுக்குக் கதவைத் திறந்தது. நான் நேராகப் போய் நின்று, எடுத்துப் பாருங்கள் என்று சண்டை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் அதைச் செய்யவே இல்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

பெர்த்தில் உன்னிடம் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுடைய அப்பா வேலிக்கு வெளியே நின்றால் உள்ளே கூப்பிட்டு உட்காரவை. யார் எவ்வளவு வளர்வான் என்று யாரையும் கேட்காதே. உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஒரு அப்பன் இப்படி ஏதாவது சொல்லித்தான் அனுப்ப வேண்டும். தோள் குளிரில் வலிக்கும், தைலம் எடுத்துப் போ. சிக்கு உனக்குப் போன் செய்வேன் என்றார். அவர் திட்டினால் திட்டட்டும், கேட்டுக்கொள். அன்று நான் மேசையில் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எடுத்தால் வருமா என்று தெரியாது. உன் வாய் என்னை மறுதலிக்கவில்லை ஐயா. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது சொன்னது. என்னை மன்னித்துவிட்டேன் என்று நீ எழுத வேண்டாம், போன் செய்யவும் வேண்டாம். இதைப் படித்தாய் என்று அம்மாவிடம் சொன்னால் போதும்.

கிளம்பும்போது சிக்கு ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரைக்கும் கூடவே வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. கடைக்காரர் எட்டிப் பார்த்து, யார் சிக்கு இவர் என்று கேட்டார். "நம்ம கஞ்சில் இருந்தானே, ஹாக்கி ஆடின குமரன். அவனோட அப்பா" என்றார். கடைக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் மகனின் ஆட்டத்தை அலோர் ஸ்டாரில் பார்த்திருக்கிறேன் என்றார். என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை. பஸ் வந்தது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. போனை எடுத்து சேகரின் நம்பரை அழுத்திவிட்டேன். மணி அடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

உன் அப்பா